இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர், கேரவன், படகு வண்டிகளுக்கான காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், சிறு படகையோ மோட்டார் சைக்கிளையோ ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கோவளம், மாமல்லபுரம் பக்கம் செல்லும் ஜீப்புகளை இப்போது காண முடிகிறது. எண்ணூர், மணலி சாலைகளில் கண்டெய்னர் டிரெய்லர்களும், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லர்களும் நெடுங்காலமாக ஓடுகின்றன. இவற்றின் உரிமையாளர்கள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "முன்னால் போகும் வண்டிக்கு முழுக் காப்பீடு இருக்கிறதே, பின்னால் வருவதற்கும் அது போதாதா?" போதாது. அது ஏன் போதாது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சென்னையில் பல ஆண்டுகள் மோட்டார் க்ளெய்ம் கோப்புகளைப் பார்த்த அனுபவத்தில் கீழே எழுதியிருக்கிறேன்.

டிரெய்லரில் எஞ்சினே இல்லையே, அதற்கு எதற்குத் தனியாகக் காப்பீடு?

எஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டம் டிரெய்லரை ஒரு மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2(28)ஆம் பிரிவு "மோட்டார் வாகனம்" என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2(46)ஆம் பிரிவு, மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் அல்லது இழுக்கப்படுவதற்காகச் செய்யப்பட்ட வண்டியை, செமி டிரெய்லரையும் சைடு காரையும் தவிர்த்து, டிரெய்லர் என்கிறது. மோட்டார் வாகனம் என்று ஆகிவிட்டால், பொது இடத்தில் பயன்படுத்துவதற்கு 146ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகிறது. அது இல்லாமல் ஓட்டினால் 196ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அடுத்த முறைகளில் அபராதம் 4,000 ரூபாய்.

ஆனால் அபராதத் தொகையைப் பார்த்து இதை எடைபோடக் கூடாது. காப்பீடு இல்லாத டிரெய்லர் ஒருவரை இடித்து அவர் உயிரிழந்தால், இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் தலையிலேயே விழக்கூடும். அந்தத் தொகை பல லட்சங்களாக இருக்கும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். டிராக்டருக்கு மட்டும் பாலிசி இருந்து டிரெய்லருக்கு இல்லாத வழக்குகளில், விபத்து எப்படி நடந்தது என்பதைப் பொறுத்து நீதிமன்றங்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கின்றன. அந்த நிச்சயமின்மையில் உங்கள் குடும்பத்தை நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

டிரெய்லரில் எந்தப் பதிவெண் இருக்க வேண்டும்?

இரண்டுமே இருக்க வேண்டும். 61ஆம் பிரிவின்படி டிரெய்லரின் சொந்தப் பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் வண்டியின் பதிவெண் டிரெய்லரின் மீதும், ஒன்றுக்கு மேற்பட்டவை தொடராக இருந்தால் கடைசி டிரெய்லரின் மீதும் தெரிய வேண்டும். டிரெய்லருக்கென்று தனி ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இருக்கிறது என்பதையும், பாலிசியில் எழுதப்பட வேண்டியது அந்த ஆர்.சி.யில் உள்ள எண்தான் என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பாலிசியில் டிரெய்லரின் எண் இல்லை என்றால், எவ்வளவு பிரீமியம் கட்டியிருந்தாலும் அது முன்வண்டிக்கான பாலிசி மட்டுமே.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவனுக்கும் இதே விதிகளா?

இல்லை. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் படப்பிடிப்புத் தளங்களுக்கு வெளியே நிற்கும் கேரவன் பெரும்பாலும் பேருந்து அல்லது வேனின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டு, தன் எஞ்சினாலேயே ஓடும் வண்டி. அதற்கு ஒரே ஆர்.சி., ஒரே பாலிசி. 2021இல் கேரள அரசு தொடங்கிய "கேரவன் கேரளம்" திட்டத்தின் வண்டிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் இல்லாமல், காரின் பின்னால் மாட்டி இழுக்கப்படும் படுக்கை வண்டியே சட்டப்படி டிரெய்லர். பேச்சு வழக்கில் இரண்டையும் "கேரவன்" என்கிறோம். பாலிசி எடுக்கும் படிவத்தில் இந்தக் குழப்பம் நுழைந்துவிட்டால், வண்டியின் வகையே தவறாகப் பதிவாகிவிடும். க்ளெய்ம் வரும் நாளில் அதைத் திருத்துவது மிகவும் கடினம்.

என் கார் பாலிசியிலேயே டிரெய்லரைச் சேர்க்க முடியுமா?

சொந்தப் பயன்பாட்டுக்கான கார் என்றால் முடியும். இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில், தனியார் கார்களுக்கென்றே ஐ.எம்.டி. 30 என்ற எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோடு இணைக்கப்படும் கூடுதல் விதி) இருக்கிறது. கூடுதல் பிரீமியம் செலுத்தினால், கார் பாலிசியின் பாதுகாப்பு குறிப்பிட்ட பதிவெண் கொண்ட டிரெய்லருக்கும் நீளும். விவசாய வண்டிகள் உள்ளிட்ட சிறப்பு வகை வாகனங்களோடு இணைக்கப்படும் டிரெய்லர்களுக்கு ஐ.எம்.டி. 48 என்ற வேறோர் எண்டார்ஸ்மெண்ட் உண்டு.

ஐ.எம்.டி. 30இன் வாசகத்தில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பாலிசியை வாங்கும்போதே படித்துவிட வேண்டும். டிரெய்லரின் மதிப்பு அதில் எழுதப்பட்ட தொகையைத் தாண்டாது. "டிரெய்லர்" என்ற சொல் அதற்குள் இருப்பதையோ அதன் மேல் ஏற்றப்பட்டிருப்பதையோ குறிக்காது. டிரெய்லரில் பயணம் செய்பவருக்கு ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ, அவர் வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையில் அதில் சென்றவராக இல்லாவிட்டால், இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. படகு, பைக், ஆட்கள் என்று மக்கள் டிரெய்லரில் ஏற்றுவது எதுவோ, அதுதான் இங்கே விலக்கப்பட்டிருக்கிறது.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. ஏஜென்டுகள் இதைச் சொல்வது குறைவு. டிரெய்லர் கார் பாலிசிக்குள்ளேயே இருக்கும்போது, டிரெய்லருக்கான சொந்தச் சேத க்ளெய்மும், அதாவது அந்த வண்டிக்கே ஏற்பட்ட சேதத்துக்கான க்ளெய்மும், அதே பாலிசியின் க்ளெய்ம்தான். எனவே காரில் ஒரு கீறலும் இல்லாமல் டிரெய்லர் மட்டும் சேதமடைந்து பணம் கேட்டாலும், 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை படிப்படியாகச் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான பிரீமியக் கழிவு) போய்விடும். விலையுயர்ந்த கார், விலை குறைந்த டிரெய்லர் என்றால், சிறு சேதங்களைக் கைக்காசில் சரிசெய்துகொள்வதே பல நேரம் லாபம்.

டிரெய்லரை வாடகைக்கு விடுகிறேன். இதே ஏற்பாடு போதுமா?

போதாது. தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்துவது நேரடியாக விலக்கப்பட்டிருக்கிறது. சரக்கு வாகனப் பாலிசியிலும் இதற்கு இணையான ஒரு வரி உண்டு: பழுதடைந்த ஒரு வாகனத்தைக் கூலியின்றி இழுப்பதைத் தவிர, டிரெய்லரை இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே வருகிறது. ஆகவே அம்பத்தூரிலிருந்து இயந்திரம் ஏற்றிப் போகும் சிறிய சரக்கு வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டுபவர், அந்த டிரெய்லரை அறிவித்து, அதற்குரிய பிரீமியத்தைக் கட்டி, பாலிசியில் எழுதி வாங்கிய பிறகே மாட்ட வேண்டும்.

பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டால் சொந்தச் சேத க்ளெய்ம் முழுவதுமே போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் அமலேந்து சாகு வழக்கில், சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி நிராகரிக்கப்பட்ட க்ளெய்மை "நான் ஸ்டாண்டர்ட்" அடிப்படையில் தீர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது, முழுத் தொகை கிடைக்காவிட்டாலும் ஒரு பங்கு கிடைக்க வழி உண்டு. ஆனால் அது பல ஆண்டு வழக்குக்குப் பிறகு கிடைத்த ஆறுதல். முன்கூட்டியே நம்பியிருக்க வேண்டிய திட்டம் அல்ல.

டிரெய்லர் முற்றிலும் நொறுங்கிவிட்டால் எவ்வளவு கிடைக்கும்?

கணக்கு ஐ.டி.வி. என்ற, பாலிசியில் அறிவிக்கப்பட்ட வாகன மதிப்பிலிருந்து தொடங்குகிறது. புதிய விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்: 6 மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. ஓர் எடுத்துக்காட்டு: 4 லட்சம் ரூபாய் விலையுள்ள டிரெய்லர் இரண்டரை ஆண்டு பழையது என்றால், அதன் ஐ.டி.வி. 2,80,000 ரூபாய். பழுதுபார்க்கும் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தை, அதாவது 2,10,000 ரூபாயைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும்.

பகுதிச் சேதத்தில்தான் கேரவன் டிரெய்லர்காரர்கள் ஏமாற்றமடைகிறார்கள். மாற்றப்படும் பாகங்களுக்குத் தனித் தேய்மானம் உண்டு. டயர், டியூப், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மற்ற பாகங்களுக்கு வயதைப் பொறுத்து. இழுத்துச் செல்லும் கேரவனின் உடல் எடை குறைவதற்காக ஃபைபர் கிளாஸிலேயே செய்யப்பட்டிருந்தால், வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும் அந்தச் சுவரின் விலையில் 30 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு காருக்கு இருந்தாலும், அது டிரெய்லருக்கும் பொருந்தும் என்று எழுத்தில் இருந்தாலன்றி நம்ப வேண்டாம்.

அதேபோல், நீங்களாகப் பொருத்திய சோலார் தகடு, குளிர்பதனப் பெட்டி, மறைப்புக் கூரை போன்றவை மதிப்பில் தனியே அறிவிக்கப்படாவிட்டால் கணக்கில் வராது. காரின் பின்னால் பொருத்தப்படும் இழுவைக் கொக்கியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாகனத்தின் அடிப்படை விவரங்களை மாற்றும் எந்த மாற்றத்தையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், கொக்கியைப் பொருத்தும் முன் உற்பத்தியாளரிடம் காரின் இழுவைத் திறனைக் கேட்டு, பொருத்திய பின் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

டிரெய்லரின் மேல் இருக்கும் படகுக்கும் பைக்குக்கும் என்ன பாதுகாப்பு?

கார், டிரெய்லருக்கான மோட்டார் பாலிசியில் எதுவும் இல்லை. ஏற்றப்பட்ட பைக்குக்கு அதன் சொந்தப் பாலிசி இருந்தால் அதுவே உதவும். வாகனப் பாலிசிகளின் சொந்தச் சேதப் பகுதியில் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றில் எடுத்துச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. படகுக்கு அதற்குரிய தனிக் காப்பீடு வேண்டும். அந்தப் பாலிசி தண்ணீரில் மட்டும் செல்லுமா, சாலையில் இழுத்துச் செல்லும்போதும் செல்லுமா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முட்டுக்காட்டில் உப்பங்கழியில் ஒரு கீறலும் படாமல் ஓடிய படகு, அங்கிருந்து வீடு திரும்பும் வழியில் வேகத்தடையில் துள்ளி விழுந்து உடைந்த கோப்பு ஒன்று என் கைக்கு வந்தது. டிரெய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வணிகச் சரக்கு என்றால், உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு என்ற தனி வகை இருக்கிறது.

திருவிழாவுக்கு டிராக்டர் டிரெய்லரில் குடும்பத்தோடு போவது வழக்கம். விபத்து நடந்தால் காப்பீடு உண்டா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்; ஏனென்றால் இங்கே இழக்கப்படுவது வண்டி அல்ல.

சென்னையின் எல்லையைத் தாண்டினாலே, ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் திருமணங்களுக்கும் காதுகுத்துக்கும் முப்பது, நாற்பது பேர் டிரெய்லரில் உட்கார்ந்து போவதைப் பார்க்கிறோம். பாட்டியும் பேரனும் வைக்கோல் மேல் அமர்ந்து போகும் அந்தப் பயணத்தின் மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் டிரெய்லர் சரக்குக்காகச் செய்யப்பட்டது. அதில் இருக்கையும் இல்லை, பிடிமானமும் இல்லை, பயணிகளுக்கான பிரீமியமும் கட்டப்படுவதில்லை. விவசாயப் பயன்பாட்டுக்கென்று எடுத்த பாலிசியில் திருமணக் கூட்டத்தை ஏற்றுவது பயன்பாட்டு மீறலும் ஆகும்.

2007இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரிஜ் மோகன் வழக்கைச் சொல்கிறேன். டிராக்டரோடு இணைக்கப்பட்ட டிராலியில் சென்ற ஒரு தொழிலாளி காயமடைந்தார். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் அவர் ஏழை என்பதைக் கருதி, அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. "கொடுத்து வசூலி" என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லப்படும் இந்த முறையில் காயமடைந்தவருக்குப் பணம் கிடைக்கிறது. ஆனால் கடைசியில் அந்தத் தொகையைக் கட்டுவது டிராக்டரின் உரிமையாளர்தான். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே உறவுக்காரர். இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் அழிகின்றன. ஒரு வேனையோ மினி பஸ்ஸையோ வாடகைக்கு எடுக்க ஆகும் செலவைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

டிரெய்லரில் கூலி வேலைக்காக ஏற்றி இறக்கும் ஆட்கள் சென்றே ஆக வேண்டும் என்றால், அவர்களுக்கான பொறுப்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். கேரவன் டிரெய்லரைக் கார் இழுத்துச் செல்லும்போது, பிள்ளைகள் உள்ளே படுத்துத் தூங்கட்டும் என்று விடுவதும் இதே வகை ஆபத்துதான். வண்டி ஓடும்போது எல்லோரும் காரின் இருக்கையில், சீட் பெல்ட் போட்டு இருக்க வேண்டும்.

கழற்றி நிறுத்தியிருந்த டிரெய்லர் உருண்டுபோய் யாரையாவது இடித்தால்?

விபத்தின்போது வாகனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. "வாகனத்தின் பயன்பாட்டிலிருந்து எழுந்த" விபத்தாக இருந்தால் போதும். 1991இல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில், கவிழ்ந்து சாலையோரம் கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும் அதன் பயன்பாட்டிலிருந்து எழுந்த விபத்தாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே தெருவில் நிறுத்திய டிரெய்லரும் பொறுப்பிலிருந்து தப்பாது. அதற்கென்று செல்லுபடியாகும் பாலிசி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னை நகரத்தில் இந்த மனுக்களைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 166(3)ஆம் பிரிவு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. எனவே தாமதிக்க வேண்டாம்.

டிரெய்லரை இழுக்க வேறு ஓட்டுநர் உரிமம் வேண்டுமா?

டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவர், டிரெய்லரை இணைத்ததனாலேயே உரிமம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. கனரக டிரெய்லர் லாரிகளுக்கு அதற்குரிய உரிமம் கட்டாயம் வேண்டும்.

வழியில் நின்றுபோன நண்பரின் காரை என் காரால் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

பழுதான வண்டியை இழுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. சாலை விதிகளிலேயே இது விரிவாக இருக்கிறது. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் திருப்பும் சக்கரங்கள் சாலையிலிருந்து தூக்கி உறுதியாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கயிறு மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இழுக்கப்படும் வண்டி என்ற அறிவிப்பு பின்னால் இருக்க வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, சரக்கு வாகனப் பாலிசியில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பழுதான ஒரு வண்டியைக் கூலி வாங்காமல் இழுக்கும்போது, அந்த வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் தீங்குக்கான பொறுப்பை அது ஏற்கிறது. ஆனால் இழுக்கப்படும் வண்டிக்கே ஏற்படும் சேதத்தையோ அதில் இருக்கும் பொருளின் சேதத்தையோ ஏற்பதில்லை. ஆகவே கயிறு அறுந்து நண்பரின் காரின் முகப்பு நசுங்கினால், நண்பர் தன் சொந்தச் சேதக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்திலும் மதுரவாயல் புறவழிச்சாலையிலும் கயிறு கட்டி இழுப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பின்வண்டியின் எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவும் விசை இருக்காது, அதனால் அதை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

மழை வெள்ளத்தில் மூழ்கிய காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றும்போது சேதமானால் யார் பொறுப்பு?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் கண்ட ஊரில் இது ஆண்டுதோறும் வரும் கேள்வி. வெள்ளம், புயல் ஆகிய இரண்டுமே சொந்தச் சேதக் காப்பீட்டில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஆபத்துகள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. மீட்பு வண்டியின் மேடையிலிருந்து கார் சரிந்தால், சாலைவழி எடுத்துச் செல்லும்போது ஏற்பட்ட சேதமாக உங்கள் பாலிசியிலேயே கேட்கலாம். நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, தவறு செய்த மீட்பு வண்டிக்காரரிடம் தன் உரிமையை நிலைநாட்டிக்கொள்ளும். அதனால் அவரது கவனக்குறைவை மன்னித்துவிட்டதாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்துச் செல்லும் செலவுக்கு அடிப்படைக் கார் பாலிசி தருவது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய் மட்டுமே. வேளச்சேரியிலிருந்து பூந்தமல்லிப் பக்கத்துச் சர்வீஸ் நிலையத்துக்கு வெள்ள நாளில் இழுத்துப் போக இது போதாது. சாலை உதவிச் சேவையைக் கூடுதலாக எடுப்பதன் காரணம் இதுதான். அந்தச் சேவையின் தூர வரம்பையும், காரின் பின்னால் டிரெய்லர் இருந்தால் அதையும் கொண்டு செல்வார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமாக, தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் சாவியைத் திருப்பினால் உள்ளிருக்கும் பாகங்கள் வளைந்து உடையும். அதை வெள்ளச் சேதம் அல்ல, பின்விளைவுச் சேதம் என்று சொல்லி நிறுவனங்கள் மறுக்கின்றன. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால் தவிர, அந்தச் செலவு உங்களுடையது. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கூடும் சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்பது பாலிசியின் பொது நிபந்தனையும்கூட.

நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதால் போக்குவரத்துக் காவல் துறை இழுத்துச் சென்ற வண்டியில் பம்பர் உடைந்தால்?

சொந்தச் சேதக் காப்பீட்டில் கேட்கலாம். வண்டியை விடுவிக்கும்போதே சேதத்தைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்தபின் சொன்னால் எப்போது உடைந்தது என்பதை நிறுவ முடியாது.

பட்டறையில் நானே செய்வித்த டிரெய்லருக்குப் பாலிசி கிடைக்குமா?

புதுப்பேட்டையிலும் பாடியிலும் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் செய்யும் வேலையின் உறுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உறுதி வேறு, அங்கீகாரம் வேறு. மொத்த எடை 0.75 டன் வரை டி1, 3.5 டன் வரை டி2, 10 டன் வரை டி3, அதற்கு மேல் டி4 என்று டிரெய்லர்கள் வகைப்படுத்தப்பட்டு, வகைக்கேற்ற தரநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. அங்கீகாரம் இல்லாத டிரெய்லரை ஆர்.டி.ஓ. பதிவு செய்யமாட்டார், பதிவு இல்லாததற்கு முறையான பாலிசியும் கிடைக்காது. காசு கொடுக்கும் முன், பதிவுக்கான ஆவணங்களைத் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய டிரெய்லரை வாங்கினால், அதன் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும்வரை இழுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், காரின் காப்பீடே டிரெய்லருக்கும் வரும் என்கிறானே?

அவர் சொல்வது அங்கே பெருமளவு உண்மை. அமெரிக்காவின் வழக்கமான தனியார் கார் பாலிசிகளில், இழுக்கப்படும் சாதாரண டிரெய்லரால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்கான பொறுப்பு காரின் பாலிசியிலிருந்தே நீள்கிறது. டிரெய்லருக்கே ஏற்படும் சேதத்துக்கு மட்டும் அதைத் தனியே அறிவிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு வேறு பாலிசி வேண்டும். அங்கே பயணம் போகும் பெற்றோர் வாடகைக் காரில் டிரெய்லரை மாட்டும் முன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும், ஏனெனில் வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல இழுப்பதையே தடை செய்கின்றன. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பகுதி அந்த நாட்டுக்காக எழுதப்பட்டது. அதைப் படித்துவிட்டு அடையாறில் இருந்துகொண்டு பாலிசி இல்லாமல் டிரெய்லரை இழுப்பவர்களைக் கண்டதால்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். நம் நாட்டுப் பாலிசியின் எல்லையும் இந்தியாவுக்குள்தான்.

க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?

மறுப்புக்கான காரணத்தையும், அதற்கு ஆதாரமான பாலிசி நிபந்தனையையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் "பீமா பரோசா" இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அவரது அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்க முடியும். நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ அதே விவகாரம் நிலுவையில் இருந்தால் இவர் ஏற்கமாட்டார் என்பதால், எந்த வாசலை முதலில் தட்டுவது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. டிரெய்லரின் ஆர்.சி., அதன் எண் எழுதப்பட்ட பாலிசி அல்லது எண்டார்ஸ்மெண்ட், சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை, நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களை மனுவோடு இணைக்க வேண்டும்.